திட்டத்துக்கு மிச்சம் இருபத்தேழு கிரெடிட்

எங்கள் வீட்டு ஹாலில் கடிகாரம் இருந்த இடத்தில் இப்போது என் தம்பியின் அட்டவணை இருக்கிறது. கடிகாரத்தைக் கழற்றிச் சமையலறையில் மாட்டிவிட்டான். நான்கு சார்ட் தாள்களை ஒட்டிக் கட்டம் போட்டு, முடித்த பாடத்துக்குப் பச்சை, இனி படிக்கவேண்டியதற்கு நீலம், தோற்றதற்குச் சிவப்பு, தோற்றுத் திரும்ப எழுதவேண்டியதற்கு ஆரஞ்சு என்று வர்ணம் தீட்டியிருக்கிறான். எந்த வர்ணத்துக்கு என்ன அர்த்தம் என்று விளக்கவே கால் தாள் போய்விட்டது. வீட்டுக்கு வருகிறவர்கள், "சின்னப் பிள்ளைங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்பார்கள். இருபத்தைந்து வயதில் ஒன்று இருக்கிறது என்பேன்.

தெருவில் அவனுக்குப் பெயர் 'திட்டம்'. பால் வாங்கப் போவதென்றாலும் நோட்டில் எழுதிக்கொண்டுதான் கிளம்புவான். ஒருமுறை குளியலறை பல்பு போய்விட்டது. எத்தனை வாட், எத்தனை நாள் உழைக்கும், எந்தக் கடை என்று அவன் ஆராய்ந்து முடிப்பதற்குள் மூன்று நாள் நாங்கள் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு பல் துலக்கினோம். நான்காம் நாள் நானே போய் ஒன்றை வாங்கிவந்து மாட்டினேன். "இது என் பட்டியல்ல ரெண்டாவது இடத்துல இருந்த பல்பு" என்றான். அதாலேயே அவன் மண்டையில் ஒன்று போட்டிருப்பேன். பல்பு பாவமென்று விட்டுவிட்டேன்.

நான் அவனுக்கு ஏழு வயது மூத்தவள். கண்ணாடிக் கடையில் வேலை. லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் உட்காரவைப்பது என் பொறுப்பு. காலை எட்டரைக்குக் கடையைத் திறப்பதும் நான்தான். முதலாளி தன் சொந்த மச்சானைக்கூட நம்பாமல் என்னிடம் கொடுத்துவைத்திருக்கும் சாவி அது. இதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிவிடுவேன், நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள்.

தம்பி ஆறு வருடத்துக்கு முன்னால் வெளியூரில் ஒரு பொறியியல் கல்லூரியில் சேர்ந்தான். இரண்டு வருடம் நன்றாகத்தான் படித்தான். அப்போதுதான் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. அம்மா நாங்கள் சின்னவர்களாக இருக்கும்போதே போய்விட்டாள். அப்பா முப்பத்தோரு வருடம் ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் இயக்கியவர். வாய் குழறி இரண்டு மாதம் பேச்சே வரவில்லை. வந்தபோது முதலில் வந்த சொற்கள் 'மேல', 'கீழ'. அவற்றை வைத்தே இன்றுவரை பாதிக் காரியத்தை முடித்துக்கொள்கிறார். தம்பி பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். ஒரு வருடம் வீட்டிலிருந்து அப்பாவைப் பார்த்துக்கொண்டான். பிறகு உள்ளூர்க் கல்லூரிக்கு மாற்றிக்கொண்டான்.

மாற்றிக்கொண்டபோது தொடங்கியது சனியன். பழைய கல்லூரியில் அவன் வாங்கிய கிரெடிட் எழுபத்தைந்து. புதிய கல்லூரி ஐம்பத்துமூன்றைத்தான் ஏற்றுக்கொண்டது. இங்கே வந்த பிறகு மூன்று வருடத்தில் எண்பது சேர்த்தான். நடுவில் தோல்விகளுக்கும் குறைவில்லை. புள்ளியியலில் ஒருமுறை தோற்றான். கூட்டத்தில் பேசப் பழக்கும் ஒரு பாடத்தில், தான் என்னென்ன பேசப்போகிறேன் என்ற பட்டியலை வாசித்து முடிப்பதற்குள் நேரம் முடிந்து மணி அடித்துவிட்டதாம், அதில் ஒருமுறை. இவற்றையெல்லாம் திரும்ப எழுதித் தேறிவிட்டான். திரவ இயக்கவியல் என்ற பாடத்தில் மட்டும் வருடத்துக்கொருமுறை என்று மூன்று முறை. குழாயில் தண்ணீர் எப்படி ஓடுகிறது என்பதுதான் அந்தப் பாடம். நம் வீட்டுக் குழாயில் தண்ணீர் வரும் நேரம் தெரிந்த எவனும் அதில் தேறலாம் என்று நான் அவனைத் திட்டாத நாளில்லை.

முடிக்கவேண்டியது நூற்றறுபது. மிச்சம் இருபத்தேழு. ஏழு வருடத்துக்குள் முடிக்காவிட்டால் எல்லாம் காலாவதி என்று ஒரு விதி. நடப்பது ஏழாவது வருடம். இந்த வருடம் தவறினால் முதல் வகுப்பிலிருந்து ஆரம்பிக்கவேண்டும், பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து.

பாடங்களைப் பதிவு செய்ய வெள்ளிக்கிழமை கடைசி நாள். செவ்வாய் மாலை நான் கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் என்னைப் பிடித்து அட்டவணைக்கு முன்னால் நிறுத்தினான்.

"அக்கா, ஒரு சின்னச் சிக்கல்."

"சொல்லு. பெரிய சிக்கலைத்தான் நீ சின்னதுன்னு சொல்லுவே."

"அரை வருஷத்துக்குப் பதினஞ்சு கிரெடிட் வரைக்கும் எடுக்கலாம். ரெண்டு அரை வருஷம், முப்பது. எனக்கு வேண்டியது இருபத்தேழு. கணக்கு சரியா வருது."

"அப்புறம் என்ன?"

"நீர் இயந்திரங்கள்னு ஒரு பாடம் பாக்கி. திரவ இயக்கவியல் முடிச்சாத்தான் அதை எடுக்க விடுவாங்க. ரெண்டுமே வருஷத்தோட முதல் பாதியிலதான் நடக்கும். இப்ப இதை எடுத்தா அதுக்கு அடுத்த வருஷம் ஆயிடும்."

"அடுத்த வருஷம்தான் உனக்கு இல்லையே!"

"அதுதான் அந்தச் சின்னச் சிக்கல்" என்றான்.

இதை மூன்று வருடமாகத் தெரிந்துவைத்திருக்கிறான். நான் கரடியாய்க் கத்தினேன். கட்டிலில் படுத்திருந்த அப்பா இடது கையை உயர்த்தி, "கீழ, கீழ" என்றார். குரலைச் சொல்கிறார். குறைத்துக்கொண்டு அட்டவணையைப் பார்த்தேன். எல்லாப் பாடத்துக்கும் பக்கத்தில் கிழமையும் மணியும் பொடி எழுத்தில் இருந்தன. திரவ இயக்கவியலுக்குப் பக்கத்தில் மட்டும் ஒன்றும் இல்லை.

"இதுக்கு ஏன்டா நேரம் எழுதலே?"

"அது... மாத்தினாலும் மாத்துவாங்க" என்றான். சோம்பேறித்தனம் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் மத்தியானம் கடைக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு அவனை இழுத்துக்கொண்டு கல்லூரி அலுவலகத்துக்குப் போனேன். கிரெடிட் விவகாரம் மூன்றாம் ஜன்னல். அங்கே இருந்த அம்மாள் கம்ப்யூட்டரை நம்பாதவர். அதன்மேல் ஒரு துண்டைப் போர்த்தி வைத்திருந்தார். மேசை இழுப்பறையில் ஒரு டப்பா நிறைய காகிதக் கிளிப் இருந்தது. மாணவனின் கோப்பைத் திறப்பார், ஒரு கிரெடிட்டுக்கு ஒரு கிளிப் என்று மேசையில் எண்ணி எண்ணி வைப்பார். பின்னால் வரிசை வாசல்வரை நின்றாலும் வேகம் கூடாது, குறையாது.

"ஒரே நேரத்துல ரெண்டு பாடத்தையும் எடுக்க விடணும்மா" என்றேன்.

"விதியில இடமில்லை."

"விதியைக் கொஞ்சம்..."

"நீங்க கண்ணாடிக் கடைதானே? பவரைக் கொஞ்சம் மாத்தித் தாங்கன்னு கேட்டா தருவீங்களா?"

என் சீருடைச் சட்டைப்பையில் தைத்திருந்த கடைப் பெயரைப் படித்துவிட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான், அதனால் இன்னும் எரிச்சல் வந்தது. அவர் எண்ணத் தொடங்கினார். இங்கே வாங்கிய எண்பது ஒரு குவியல். பழைய கல்லூரியின் ஐம்பத்துமூன்று ஒரு குவியல். அப்புறம் கோப்பின் அடியிலிருந்து ஒரு தாளை எடுத்து, இருபத்திரண்டு கிளிப்பைத் தனியாக ஓரத்தில் வைத்தார்.

"அது என்ன?"

"ஏத்துக்காதது. இதுலே பாருங்க, பொறியியல் அடிப்படைகள் இரண்டாம் பாகம், நாலு கிரெடிட், தொண்ணூத்தொரு மார்க்கு. இவ்வளவு நல்லா எழுதினதை ஏன் விட்டாங்க?" கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஓரக் குறிப்பைப் படித்தார். "பாடத்திட்டம் இணைக்கப்படவில்லை. அட, அவ்வளவுதானா! என்னென்ன சொல்லிக்குடுத்தாங்கன்னு புத்தகத்தைக் காட்டியிருந்தா ஏத்துக்கிட்டிருப்பாங்களே."

தம்பி தொண்டையைச் செருமினான். "அது திரவ இயக்கவியல்தான். அந்தக் காலேஜ்ல பேர்தான் வேற."

நானும் அந்த அம்மாளும் ஒரே நேரத்தில் அவனைத் திரும்பிப் பார்த்தோம்.

"என்னடா சொன்னே?"

"அதே பாடம்தான். இங்க ஏத்துக்கலைன்னாங்க. திரும்ப எடுத்தேன்."

"ஏன் ஏத்துக்கலைன்னு இந்தத் தாளைப் படிச்சியா?"

"அது முடிஞ்சுபோனதுதானே அக்கா? முடிஞ்சுபோனதுக்கு எப்படித் திட்டம் போடறது?"

தலையில் அடித்துக்கொண்டேன். தொண்ணூற்றொன்று வாங்கித் தேறிய பாடத்தில் திரும்பச் சேர்ந்து மூன்று முறை தோற்றவன் உலகத்திலேயே இவன் ஒருவனாகத்தான் இருப்பான். ஜன்னல் அம்மாளுக்கே இரக்கம் வந்துவிட்டது. நான்கு கிளிப்பை மட்டும் இருபத்திரண்டிலிருந்து பிரித்து நடுவில் நகர்த்தினார். "பழைய காலேஜ் முத்திரை போட்ட பாடத்திட்டப் புத்தகம் கொண்டுவாங்க. இங்க அந்தப் பாடம் நடத்தற பேராசிரியர் பாத்து, ரெண்டும் ஒண்ணுதான்னு கையெழுத்துப் போடணும். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள்ள. அதுக்கு மேல நான் ஜன்னலைச் சாத்திடுவேன்."

வழியெல்லாம் தம்பி முனகிக்கொண்டே வந்தான். "அந்தப் புத்தகம் ஹாஸ்டல்லயே தொலைஞ்சுபோச்சு. ஊர்லேர்ந்து வந்த அன்னிக்கே தேடினேன், பெட்டியில இல்லை. பச்சை அட்டை, தடியா இருக்கும்."

பச்சை அட்டை என்றதும் என் கால் நடுத்தெருவில் நின்றுவிட்டது.

அப்பாவின் கட்டிலை ஹாலில் போடுவதற்காக ஃப்ரிட்ஜைச் சமையலறைக்குத் தள்ளியது அவன் ஊரிலிருந்து வந்த அந்த வாரம்தான். சமையலறைத் தரை ஒரு பக்கம் சரிவு. ஃப்ரிட்ஜ் ஆடியது, கதவு தானாகத் திறந்துகொண்டது. பக்கத்தில் தம்பியின் பெட்டி திறந்து கிடந்தது. அதில் எது அதிகத் தடிமனாக இருந்ததோ அதை எடுத்துப் பின்கால் ஒன்றுக்கு அடியில் சொருகினேன். கச்சிதமாக உட்கார்ந்தது. அன்றைக்கு எனக்கு என்னைப் பற்றி ரொம்பப் பெருமையாகக்கூட இருந்தது.

இதை அவனிடம் சொல்ல எனக்கு வீட்டு வாசல்வரை ஆயிற்று. மூன்று வருடம் வாய் ஓயாமல் திட்டியவள் எந்த முகத்தோடு சொல்வது? சொன்னேன். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. "பரவாயில்லக்கா. பத்திரமாத்தான் இருந்திருக்கு" என்றான். இரண்டு திட்டு திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

ஃப்ரிட்ஜைத் தூக்குவதற்கும் அவன் காகிதம் எடுத்தான். பிடுங்கிக் கசக்கிப் போட்டேன். பக்கத்து வீட்டுத் தச்சர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்தோம். தம்பி தரையில் குப்புறப் படுத்துக் கையை நீட்டினான். அப்பாவைச் சக்கர நாற்காலியில் சமையலறை வாசற்படிவரை கொண்டுவந்திருந்தோம். அவருக்கு நான்கு வருட இளமை திரும்பிவிட்டது. "மேல... மேல... இன்னும் மேல... நில்லு!" என்று அதட்டினார். தம்பி இழுத்தான், புத்தகம் வந்தது. "கீழ" என்று அப்பா மெதுவாகச் சொன்னார். இறக்கினோம். ஃப்ரிட்ஜ் சாய்ந்து கதவைத் திறந்து எங்களைப் பார்த்தது. அதைச் சாத்தி ஒரு கயிற்றால் கட்டிவைத்தேன்.

அட்டையில் எண்ணெய்க் கறை. முதல் பக்கத்தில் முத்திரை பளிச்சென்று இருந்தது. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை, வட்டமாக ஃப்ரிட்ஜ் காலின் பள்ளம்.

வியாழன் காலையும் லீவு சொல்லிவிட்டேன். சாவியை முதலாளியிடம் முந்தின நாளே கொடுத்திருந்தேன். வேலை நாளில் அந்நேரத்துக்கு நான் வீட்டில் இருந்தே பல வருடமாகிறது. தம்பி ஏழரைக்கு அப்பாவுக்குச் சட்டை மாட்டி, வராத வலது காலைத் தன் முழங்கால்மேல் தூக்கி வைத்துச் செருப்பின் வாரைப் போட்டுவிட்டு, பிசியோதெரபிக்குக் கூட்டிப்போனான். செவ்வாயும் வியாழனும் எட்டு மணிக்கு அங்கே முறை என்பது எனக்குத் தெரியும். தெரியும் என்பதோடு சரி. பத்தரைக்குத் திரும்பி வந்தான். அப்பாவைப் படுக்கவைத்துவிட்டுப் பேராசிரியரைப் பார்க்கக் கிளம்பினோம்.

பேராசிரியர் ஒல்லியான மனிதர். வாயில் எப்போதும் ஒரு ஏலக்காய். புத்தகத்தை ஒவ்வொரு வரியாக விரல்வைத்துப் படித்தார்.

"இது என்ன பள்ளம்?"

"ஃப்ரிட்ஜ் கால் சார்" என்றேன்.

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. தம்பியை நிமிர்ந்து பார்த்தார். "உன் பேரு மூணு வருஷமா என் பட்டியல்ல வருது. இப்பத்தான் உன்னைப் பாக்கறேன். ஒரு வகுப்புக்குக்கூட நீ வந்ததில்லையே? குழாய் பாதியாக் குறுகினா தண்ணியோட வேகம் என்ன ஆகும்?"

"விட்டம் பாதியா, பரப்பு பாதியா சார்? விட்டம்னா நாலு மடங்கு. பரப்புன்னா ரெண்டு மடங்கு."

ஏலக்காய் ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குப் போனது. "இவ்வளவு தெரிஞ்சவன் வருகை போதாம மூணு தடவை தோத்திருக்கே. செவ்வாயும் வியாழனும் காலையில எட்டு மணிக்கு வர முடியாம அப்படி என்ன வேலை? தூங்கிட்டியா?"

"ஆமா சார்" என்றான் என் தம்பி. "தூங்கிட்டேன்."

சற்று முன்புதான் அந்தச் செருப்பு வாரைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன்.

"பொய் சொல்றான் சார்!" நான் போட்ட சத்தத்தில் அடுத்த அறையிலிருந்து ஒருவர் எட்டிப்பார்த்தார். "எட்டு மணிக்கு இவன் எங்க அப்பாவைப் பிசியோதெரபிக்குக் கூட்டிட்டுப் போறான் சார். மூணு வருஷமா. நான்தான் இவனை மண்டு, மண்டுன்னு..." அழுதேன், அதையும் சத்தமாகத்தான் அழுதேன்.

"ஏன்டா எங்கிட்டச் சொல்லலே?" என்று அங்கேயே அவனைக் கேட்டேன்.

"அங்க வேற நேரம் கிடைக்கலக்கா. நீ எட்டரைக்குக் கடை திறக்கணும். சாவி உங்கிட்டதானே இருக்கு? ஒவ்வொரு வருஷமும் இவங்க வகுப்பு நேரத்தை மாத்துவாங்கன்னு நினைச்சேன்."

நான்கு தாள், நான்கு வர்ணம், அத்தனை கட்டம், எல்லாம் இந்த ஒரு நினைப்பின்மேல் நின்றுகொண்டிருந்திருக்கிறது.

பேராசிரியர் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, "நீர் இயந்திரங்களும் நான்தான் எடுக்கறேன். அதுவும் அதே கிழமை, அதே எட்டு மணி. இந்தத் தடவை ஆளையும் பாக்கணும்" என்றார்.

"வருவான் சார்" என்றேன் நான்.

மாலையில் முதலாளியிடம் போய், செவ்வாயும் வியாழனும் பதினோரு மணிக்குத்தான் வரமுடியும் என்று சொன்னேன். அவர் கேட்கக்கூடிய இருபது கேள்விக்கு வீட்டிலிருந்தே பதில் தயார்செய்துகொண்டு போயிருந்தேன். "ரெண்டு நாள்தானேம்மா, நான் திறந்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு அவர் செய்தித்தாளைப் புரட்டினார். மூன்று வருடத்தில் எந்த நாள் கேட்டிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை மூன்றாம் ஜன்னலில் அந்த அம்மாள் புத்தகத்தின் பள்ளத்தில் சுண்டுவிரலை வைத்துப் பார்த்தார். "ஃப்ரிட்ஜ் கால் பட்டிருந்தா செல்லாதுன்னு விதியில எங்கயும் இல்லை" என்று சொல்லி, மறுபடி எண்ணி நடுவில் வைத்த நான்கு கிளிப்பை எடுத்து, ஐம்பத்துமூன்றுக் குவியலில் சேர்த்தார். மிச்சம் இருபத்துமூன்று. முதல் பாதியில் பன்னிரண்டு, அடுத்ததில் பதினொன்று. பதிவு செய்தபோது மணி மூன்று ஐம்பது.

வீட்டுக்கு வந்ததும் தம்பி திரவ இயக்கவியலுக்குப் பச்சை அடித்தான். நீர் இயந்திரங்களுக்குப் பக்கத்தில் கிழமையும் மணியும் எழுதினான். நான் அவன் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கி அதற்குக் கீழேயே, 'அப்பா – அக்கா கூட்டிப்போவாள்' என்று எழுதினேன். "அதுக்கு வர்ணம் ஒதுக்கலியே" என்றான். எனக்குக் கெட்ட கோபம் வந்தது.

முதல் செவ்வாய்க்கிழமை பழக்கதோஷத்தில் அப்பாவின் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றான். பிடுங்கிக்கொண்டு விரட்டிவிட்டேன். அந்த வாரைப் போட எனக்குப் பத்து நிமிடம் பிடித்தது. அப்பா "மேல, கீழ" என்று சொல்லித்தரத் தரத்தான் போட்டேன்.

பிசியோதெரபிப் பெண் அப்பாவின் கையைப் பிடித்து நீட்டி மடக்கிக்கொண்டே என்னைப் பார்த்தாள். "தம்பி இன்னிக்கு வரலையா? நீங்க யாரு?"

"மக" என்றேன்.

"மகளா? ஐயாவுக்கு ஒரே பையன்னுல்ல நான் இத்தனை நாளா நினைச்சிட்டிருந்தேன்!"

அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு நல்ல கையை என் பக்கம் நீட்டி, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னார்.

"மூத்தவ. வாய்தான்... ஜாஸ்தி."

அந்தப் பெண் சிரித்தாள். நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல உட்கார்ந்துகொண்டேன். வார் சரியாகத்தான் இருந்தது.